ஓடு என்று சொன்ன பெட்டி

ஆலங்கரந்தை பன்னிரண்டு ஊராக இருந்த நாற்பத்தோரு நாளும் அங்கே எந்த வீட்டிலும் உலை கொதிக்காமல் இல்லை, எந்த மாடும் கறக்காமல் இல்லை, எந்தச் சண்டையும் பாதியில் நின்றுபோகவில்லை; மழைக்காலம் வருகிற மாதிரி அதுவும் வந்தது, சனம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதற்குள்ளே நடந்து பழகிவிட்டது. ஒரே ஒருத்திக்குத்தான் அது தொண்டையில் மாட்டிய முள்ளாக இருந்தது. அவள் பேர் ஆவுடை. பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே பீர்முகம்மது பாய் வைத்திருந்த கம்ப்யூட்டர் கடையில் மனு அடிக்கிறவள்.

ஆவுடைக்கு முப்பத்திரண்டு வயசு. புருஷன் விட்டுவிட்டுப் போனபிறகு அண்ணன் கோமதிநாயகத்தின் வீட்டில் இருந்தாள். வெயிலுகந்தாள் என்று ஒரு மகள், பத்து வயசு, எல்லோருக்கும் வெயிலு. பிறந்ததிலிருந்தே அதற்குக் காது கேட்காது. ரெண்டு மணி நேரம் பஸ்ஸில் போனால் டவுனில் காது கேளாத பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம், அங்கேயே விடுதி, விடுதிக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்த மரக்கதவு. மாசத்தில் ரெண்டாம் சனிக்கிழமை தாய்மார் போய்ப் பார்க்கலாம். ஆவுடை போய்க் கதவை ரெண்டு தட்டுத் தட்டுவாள். உள்ளே பிள்ளை விடிந்ததிலிருந்து உள்ளங்கையைக் கதவில் ஒட்டவைத்துக்கொண்டு நிற்கும். மரம் அதிர்கிற அதிர்வில் தாயை அறிந்துகொண்டு, உள்ளேயிருந்து ரெண்டு தட்டுத் திருப்பித் தட்டும். அதற்கப்புறம்தான் வார்டன் வந்து தாழ்ப்பாளை விலக்குவாள்.

அந்த விடுதியில் சமையலுக்கு ஆள் தேவைப்பட்டது. வருகிற ரெண்டாம் சனிக்கிழமை வந்து சேர்ந்தால் தங்க ஒரு அறையும் உண்டு, பிள்ளையோடு இருக்கலாம் என்று வார்டன் சொல்லியிருந்தாள். அண்ணனிடம் சொன்னபோது அவன் சோற்றுத்தட்டை விட்டு நிமிரவில்லை.

"இங்க ஒனக்கு என்ன கொறச்சல்? பேசாம இரு" என்றான்.

கோமதிநாயகம் கெட்டவன் இல்லை. தங்கச்சி காய்ச்சலில் கிடந்தால் தானே கஞ்சி வைத்து ஆற்றிக் கொடுக்கிறவன். ஆனால் அவனுக்குத் தெரிந்த பிரியமெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள்தான் இருந்தது. அப்பாவும் அவளை இரு என்றுதான் சொன்னார், போன புருஷனும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே இரு, வந்துருதேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போனான்.

பங்குனி உத்திரம் கழிந்த மறுநாள் அது. சாஸ்தாவைக் கும்பிட வெளியூரிலிருந்து வந்த சனமெல்லாம் இன்னும் ஊரிலேயே இருந்தது. திருப்பூரில் இருக்கிற பிள்ளைகள், துபாயில் இருக்கிற மருமகன்கள், ஓசூரில் வாழ்க்கைப்பட்ட பெண்கள் எல்லோரும் பையைக் கட்டாமல் இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஆலங்கரந்தையில் பிறந்து அன்றைக்கு ஆலங்கரந்தையில் இல்லாத ஆள் யாரென்று பார்த்தால், பரீட்சை என்று லீவு கிடைக்காத வெயிலு ஒருத்திதான்.

பாய் கடைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏம்மா ஆவுடை, வெள்ளிக்கிழமை பெரிய ஆபீசர் வாராரு. பெட்டியத் தெறந்தா வெறுங்கழுத்தோட நிக்குது. நல்ல உடுப்பா ஒண்ணு எடுத்து மாட்டிவிடேன்."

அது யாரோ டவுனில் வைத்திருந்த பழைய கம்ப்யூட்டர் பெட்டி. அதில் இருந்த சொல்லையெல்லாம் யாரோ ஒரு புண்ணியவான் தமிழாக்கி வைத்திருந்தான். ஆவுடை 'தோற்றம்' என்கிற இடத்தைத் திறந்து, ஜவுளிக்கடைக்காரன் சேலையை விரித்து விரித்துப் போடுகிற மாதிரி ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினாள். நீல ஓரம் போட்டதைக் காட்டினாள். பள்ளிக்கூடத்து யூனிபாரம் என்றார் பாய். பச்சையைக் காட்டினாள், போலீஸ் ஜீப்பு என்றார். வெள்ளி நிறத்தைப் பார்த்து, ஆளு மௌத்தான வீடு மாதிரி இருக்கு, மாத்து மாத்து என்றார். கறுப்பில் மஞ்சள் எழுத்தாக வந்ததைப் பார்த்துவிட்டு, குளவி வந்து கொட்டுத மாதிரி இருக்கேம்மா என்று கண்ணை மூடிக்கொண்டார்.

"யாரோ ஊருச் சட்டையெல்லாம் நமக்கு எதுக்கு? நம்ம ஊரையே எடுத்து மாட்டு."

அவர் கேமராவை வாங்கிக்கொண்டு ஆவுடை தண்ணீர்த் தொட்டியில் ஏறினாள். மேற்கு ஆர்ச்சிலிருந்து கிழக்கு ஆர்ச் வரைக்கும் ஊர் முழுசும் ஒரே படத்தில் அடங்கியது. கிழக்கு ஓரத்தில் டெய்லர் செல்லப்பா வீடு மட்டும் பாதியில் அறுந்துபோனது. இறங்கி வந்து படத்தைத் திரையில் போட்டாள். படம் சிறுத்து இருந்தது, திரை பெரிசாக இருந்தது. இதை எப்படிப் போட என்று பெட்டி கேட்டது. கேட்டு மூன்று சொல்லைக் கொடுத்தது: நடு, நீட்டு, ஓடு.

நடு என்பதை நாற்று நடுகிற நடு என்றும் நீட்டு என்பதைக் கையை நீட்டுகிற நீட்டு என்றும்தான் அவள் வாசித்தாள். அப்படியே ஓடு என்பதையும். கூரையில் வேய்கிற ஓடு அவள் நினைப்பில் வரவே இல்லை. அவள் இருந்தது தளம் போட்ட மட்டப்பா வீடு. பிறந்த நாளிலிருந்து எல்லோரும் இரு இரு என்றே சொல்லியிருக்க, ஓடு என்று அவளைப் பார்த்து முதல்முதலாகச் சொன்னது அந்தப் பெட்டிதான். அவள் விரல் தானாகப் போய் அதை அழுத்தியது.

கூரையில் ஓடு வேய்ந்த மாதிரி, ஒன்றை அடுத்து ஒன்றாக, குறுக்கே நாலும் நெடுக்கே மூன்றுமாகத் திரை நிறையப் பன்னிரண்டு ஆலங்கரந்தை வந்து உட்கார்ந்தது. ஓரத்தில், வெயிலு வரைந்த படங்களைப் போட்டு வைத்திருந்த மஞ்சள் ஃபோல்டர் மட்டும் எப்போதும்போல இருந்தது. அதன் கீழே 'வெயில்' என்று எழுதியிருந்தது.

"பன்னெண்டு ஊரு. ஆபீசர் அசந்துருவாரு" என்று சந்தோஷப்பட்டு, பாய் டீக்குச் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் எட்டு நாற்பது பஸ் மேற்கு ஆர்ச் வழியாக டவுனுக்குப் போனது, போன கையோடு கிழக்கு ஆர்ச் வழியாக ஊருக்குள் வந்தது. டிரைவர் தேவசகாயம், நாமதான் எங்கேயோ தப்பாத் திருப்பிட்டோம் போல என்று மறுபடியும் மேற்கே விட்டார். மறுபடியும் கிழக்கே வந்தார். மூன்றாம் தடவை வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, வாயைக் கொப்பளித்து, "இன்னைக்கு ரூட்டு வட்டமா இருக்கு" என்று சொல்லிவிட்டு வடை தின்ன உட்கார்ந்தார். ஆபீசரும் வரவில்லை. அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை, ஆபீசர்கள் எப்போதும் வருவதில்லை.

ஊர் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. துபாய்க்குப் போகிற மருமகன் காலையில் பெட்டியும் கையுமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்புவான், மாமியார் அழுவாள், பத்து நிமிஷத்தில் கொல்லைப்பக்கமாக வந்து சேர்வான், மாமியார் கோழி அடிப்பாள். எந்த நம்பருக்குப் போன் போட்டாலும் ஊருக்குள்ளேயே ஏதாவது ஒரு வீட்டில் மணி அடித்தது. அதனால் பதினைந்து வருஷமாகப் பேசாத பங்காளிகள் தெரியாமல் பேசி, பேசியபிறகு குரலை அறிந்து, சரி என்ன பண்ண என்று ராசியாகிவிட்டார்கள். படம் எடுத்த நேரத்தில் ரேஷன் கடை திறந்து மூட்டை அடுக்கி இருந்ததால் விடிந்தால் மூட்டை அப்படியே இருந்தது. டெய்லர் செல்லப்பாவுக்குப் பாதி வீடு போனது உண்மைதான். ஆனால் முன்னறைக்கதவைத் திறந்தால் மேற்கே இருக்கிற குளம் நேரே வாசலில் கிடந்தது, குளிக்க நாலு தெரு நடக்க வேண்டாம் என்று அவர் சந்தோஷப்பட்டார். வானத்தில் ஒரு ஓரமாக மஞ்சளாய் ஒன்று அசையாமல் நின்றது, அதன் கீழே 'வெயில்' என்று எழுத்தும் தெரிந்தது. வானத்தில் வெயில் என்று எழுதியிருப்பதில் என்ன அதிசயம் என்று யாரும் ரெண்டாம் தடவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆவுடை பார்த்தாள். பார்த்துக்கொண்டே ரெண்டாம் சனிக்கிழமை, அண்ணன் வயலுக்குப் போன நேரமாகப் பையில் ரெண்டு சேலையும் பிள்ளைக்கு முறுக்கும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். தேவசகாயம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஏழு தடவை விட்டார். ஏழு தடவையும் மேற்கே போனாள், ஏழு தடவையும் கிழக்கே வந்தாள். அப்புறம் இறங்கி நடந்தாள். அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் ஏறிப் பார்த்தாள். மேற்கே இன்னொரு ஆலங்கரந்தை, அதில் ஒரு தண்ணீர்த் தொட்டி, அதன்மேல் இடுப்பில் பையோடு ஒருத்தி மேற்கே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆவுடை, ஏளா என்று கூப்பிட்டாள். அவளுக்குப் பின்னாலிருந்து ஏளா என்று சத்தம் வந்தது. முன்னால் நின்றவள் திரும்பினாள்; திரும்பினவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, ஏனென்றால் இவளும் திரும்பியிருந்தாள்.

பிள்ளை இந்நேரம் கதவில் கையை வைத்துக்கொண்டு நிற்கும் என்று நினைத்தபோது அவளுக்கு உள்ளங்கை எரிந்தது.

திங்கட்கிழமை கடையைத் திறந்து பெட்டி முன்னால் உட்கார்ந்தாள். பன்னிரண்டு ஊரையும் வெகுநேரம் பார்த்தாள். கூரையில் அடுக்கிய மாதிரி இருக்கிறதே என்று அப்போதுதான் மனசில் தட்டியது, தட்டியதும் அந்தச் சொல்லின் மற்ற அர்த்தம் நெஞ்சில் வந்து விழுந்தது. பாயிடம் ஓடிப் போய்ச் சொல்லிவிட்டு, திரும்பி வந்து நீட்டு என்பதை அழுத்தினாள், பையை எடுத்துக்கொண்டு மேற்கே ஓடினாள்.

ஊர் ஒன்றாகியது, ஒன்றாகி அகன்றது. சனமெல்லாம் குட்டையாகவும் பட்டையாகவும் ஆனார்கள். குச்சி மாதிரி இருந்த செல்லப்பா தன் வாசலிலேயே சிக்கிக்கொண்டார், கோழிகள் முறம் மாதிரி நடந்தன. ரோடும் நீண்டது. ஆவுடை எட்டு வைக்க வைக்க ஆர்ச் அங்கேயே நின்றது. வேர்த்து ஒழுகி மத்தியானத்துக்குமேல் ஆர்ச்சைத் தாண்டி இன்னும் நாலு எட்டு வைத்தபோது நெற்றியில் ஏதோ இடித்தது. தொட்டுப் பார்த்தாள். கண்ணாடி. உள்ளங்கையை அதில் ஒட்டவைத்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கமிருந்து யாரும் தட்டவில்லை.

இதற்குள் ஊர் திரண்டு கடைக்குப் போய்விட்டது. பாய் தன் அகலமான விரலால் பழையபடி ஓடு என்பதை அழுத்த, ஆவுடை அடுத்த எட்டில் கிழக்கு ஆர்ச்சுக்குள் விழுந்தாள்.

பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் கூட்டம் போட்டார்கள். தலைவர் சங்கிலிமாடன் ரெண்டு போகம் நெல் விளைவிக்கிற மனுஷர், அதட்டிப் பேசமாட்டார்.

"தாயி, நீ வேணும்னு செய்யல, சரி. ஆனா பாரு, ஊருப் பிள்ளைய எல்லாம் அவனவன் வீட்ல இருக்கு. என் மவன் நாலு வருசமா ஒருவேளைச் சோறு என்கூட தின்னது கெடையாது. இப்ப தெனமும் என் பக்கத்துல உக்காந்து திங்கான். இத நீ கலைச்சிரப்பிடாது."

"ஒங்க மவன் பக்கத்துல இருக்கான் அண்ணாச்சி. எம்மவ எங்க இருக்கா?"

"அது கவருமெண்டுப் பிள்ளை மாதிரி, நல்லாத்தான் இருக்கும்" என்றாள் துபாய் மருமகனின் மாமியார்.

"கதவுல கைய வச்சிக்கிட்டு நிக்கும் மயினி."

"ஒரு பிள்ளைக்காக முந்நூறு பிள்ளையத் தொலைக்கச் சொல்லுதியா?"

கூட்டத்தில் யாரும் ஆவுடை முகத்தைப் பார்க்கவில்லை. முந்நூறு பேர் கை தூக்கினார்கள். கை தூக்கினவர்களில் கோமதிநாயகமும் ஒருவன். கடைக்குப் பூட்டுப் போட்டு, சாவியை அவனிடமே கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அவளுக்குச் சோறு போட்டு, குழம்பை ஊற்றி, "அழாம தின்னுட்டி. நான் இருக்கேன்லா" என்றான். சாவி அவன் அரைஞாண்கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

பூட்டின அறைக்கு ஒரு மகிமை தானாக வந்துவிடுகிறது. பெட்டிக்கு முதலில் சந்தனப் பொட்டு வைத்தார்கள், அப்புறம் மாலை போட்டார்கள், அப்புறம் விடிந்தால் மூன்று பொழுதும் கோமதிநாயகம் குளித்துவிட்டு வந்து கதவைத் திறந்து, எலி என்று ஆவுடை சொல்லுகிற அந்தச் சின்னச் சாமானைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பாய் ஓரமாக நின்று, எலக்ட்ரிக் சாமானுக்குத் தண்ணி தெளிக்காதீய என்று மட்டும் சொல்லுவார். அதைத் தொடுகிறதால்தான் பெட்டி தூங்காமல் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இன்னொரு ரெண்டாம் சனிக்கிழமை வந்து போனது. ஆவுடை அன்றைக்கு பஸ்ஸில் ஏறவில்லை. வானத்து மஞ்சளைப் பார்த்துக்கொண்டு, வீட்டுச் சுவரில் ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு, கையை அதிலேயே வைத்திருந்தாள்.

நாற்பத்தோராம் நாள் அம்மன் கொடை. மத்தியானப் பூசைக்கு ஊரே கோயிலில் நின்றது, கோமதிநாயகம் தீச்சட்டி எடுத்திருந்ததால் காலையிலும் கடைக்குப் போகவில்லை, உச்சியிலும் போகவில்லை. உறுமி உச்சத்தில் ஏறுகிற சமயத்தில் ஊர் பட்டென்று அணைந்தது. சூரியன் இல்லை, மேகமும் இல்லை, அடுப்பில் எரிகிற நெருப்புகூடத் தெரியவில்லை. இருட்டில் ஒருத்தர் இடுப்பை ஒருத்தர் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனார்கள். பாய் எலியை அசைத்தார். திரையில் ஒரே ஒரு வரி மட்டும் வெளிச்சமாக வந்தது. பாய் எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"கடவு... சொல். கடவுள் சொல் கேக்குதுவே."

எல்லோருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பாய் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார்: அம்மன் பேரை அடித்தார், சாஸ்தா பேரை அடித்தார், சுடலையை அடித்தார், தேவசகாயம் சொன்னதற்காக மாதாவையும் தன் மனசுக்காக அல்லாவையும் அடித்தார். தவறு, தவறு என்று பெட்டி சொல்லிக்கொண்டே இருந்தது. இருட்டில் பிள்ளைகள் வீறிட்டன. கடைசியில் சங்கிலிமாடன் கேட்டார்:

"ஆவுடை எங்கடே?"

அவள் அங்கேதான் நின்றாள், வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு. யாரும் இடிக்காமல் வழிவிட்டார்கள். உட்கார்ந்து மூன்று எழுத்து அடித்தாள்: வெயில். ஊரெல்லாம் வெயில் அடித்தது. பன்னிரண்டு தண்ணீர்த் தொட்டியும் பளிச்சென்று எழும்பி நின்றன, தூரத்தில் உறுமி தன்னால் ஒரு தடவை அதிர்ந்தது.

சங்கிலிமாடன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் குந்தினார்.

"தாயி, இப்படி நெனச்ச நேரம் அவிஞ்சுபோனா பயிர் பச்சை என்னாகும்? ஊரு ஆடாம அசையாம நெலையா நிக்க இதுல வழி உண்டா?"

ஆவுடை அந்த மூன்று சொல்லையும் திறந்து காட்டினாள். தலைவர் விரல் வைத்து வாசித்தார். நீட்டு என்பதில் விரல் பட்டதும் பின்னால் நின்ற செல்லப்பா, ஐயையோ அது வேண்டாம் என்றார். விரல் மேலே ஏறியது.

"ந... டு. நடு. நாத்து நடுத நடுவா?"

"எழுத்து அதேதான் அண்ணாச்சி."

"அண்ணாச்சி, இவ பேச்சக் கேக்காதீய. இவளுக்குப் போவணும்" என்றான் கோமதிநாயகம்.

"நான் என்னடே அவ பேச்சக் கேட்டேன்? கண்ணால வாசிக்கேன்லா. முப்பது வருசமா நட்டவன் நான். நட்டா வேர் புடிக்கும், நட்டது எங்கயும் போவாது" என்று சொல்லி, சங்கிலிமாடன் தானே எலியைப் பிடித்து, நாற்றை அழுத்துகிற மாதிரி பெருவிரலால் அழுத்தினார்.

பதினொரு ஊர் போய்விட்டது. திரையின் நட்டநடுவில் ஒரே ஒரு ஆலங்கரந்தை, சின்னதாக, நட்டு வைத்த மாதிரி நின்றது. அதைச் சுற்றி நாலு பக்கமும் வெறும் நீலம்.

ஊர் ஆர்ச்சுக்குப் போய்ப் பார்த்தது. ரோடு ஆர்ச்சோடு நின்றது. அதற்கப்புறம் ஊருமில்லை, பனையுமில்லை, தரை எது வானம் எது என்று சொல்ல முடியாத ஒரே நீலம். தேவசகாயம் பஸ் சாவியை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார். சனத்துக்குச் சந்தோஷம்தான், வேர் பிடித்துவிட்டது, இனி யாரும் கிளம்பக்கூடத் தேவையில்லை. கோமதிநாயகம் அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்தான், பூட்டுவதற்கு இனி ஒன்றும் இல்லை என்று.

ஆவுடை மட்டும் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். இத்தனை நாள் வானத்தில் தொங்கிக்கொண்டிருந்த மஞ்சள் இப்போது நீலத்துக்குள்ளே, தூரத்தில், தரையில் ஊன்றிய மாதிரி நின்றது. சின்னதாக, நாலு மூலையும் நேராக. கதவு மாதிரி.

வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்து வந்தாள். முறுக்கு நமுத்துப்போயிருந்தது, அதோடுதான் எடுத்து வந்தாள்.

"ஏட்டி, அங்க ஒண்ணும் இல்லட்டி" என்றான் அண்ணன்.

"பேரு எழுதியிருக்கேண்ணே."

"அது வெயிலுட்டி."

"அதத்தான் சொல்லுதேன்" என்றாள் ஆவுடை.

அவன் அவள் கையைப் பிடித்தான். இரு என்று சொல்ல வாயெடுத்தது அவளுக்குத் தெரிந்தது, சொல்லுக்குப் பதில் மூச்சுதான் வந்தது. கை மட்டும் விடவில்லை. ஆவுடை அந்தக் கையின்மேல் தன் கையை வைத்து, ரெண்டு தட்டுத் தட்டி, விரல் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். ஆர்ச்சைத் தாண்டி அடியெடுத்து வைத்தாள்.

நீலத்துக்குள் சத்தம் இல்லை. செருப்புச் சத்தம் இல்லை, ஊர்ச் சத்தம் இல்லை. அண்ணா என்று ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள், தொண்டை அசைந்தது, காதுக்கு ஒன்றும் வரவில்லை. பயந்துதான் போனாள். இப்படியா இருக்கும் பிள்ளைக்கு என்று நினைத்தாள். பத்து வருஷமாக இதற்குள்ளே இருந்துகொண்டா என்னைப் பார்த்துச் சிரித்தது என்று நினைத்தாள். திரும்பிப் பார்த்தபோது ஆலங்கரந்தை உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது, அதன் விளிம்பில் ஒரு ஆள் இன்னும் கையை நீட்டியபடி நின்றான். அப்புறம் அவள் திரும்பவில்லை. எவ்வளவு நேரம் நடந்தாள் என்று சொல்ல அங்கே நிழலும் இல்லை. மஞ்சள் பெரிசாகிப் பெரிசாகி ஆள் உயரத்துக்கு வந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் பெயிண்ட் ஒரு மூலையில் உரிந்திருந்தது, உரிந்த இடத்தில் மரம் தெரிந்தது.

பையைக் கீழே வைத்தாள். ரெண்டு தட்டுத் தட்டினாள். தட்டினது அவளுக்கே கேட்கவில்லை. அதனால் உள்ளங்கையை விரித்துக் கதவில் ஒட்டவைத்துக்கொண்டு நின்றாள்.

மரம் ரெண்டு தடவை அதிர்ந்தது.